பூசைச் சந்தனமும் மரபணுச் சான்றும்

(திருவிழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

விடியற்காலையில் ஜினாலயம் செல்வோர் மணியோசைக்கு முன்னதாகவே கேட்கும் ஓசை ஒன்று உண்டு. கல்லின்மீது சந்தனக் கட்டை உராயும் ஓசை அது. உபாத்தியாயர் சில துளி நீர் விட்டுக் கட்டையை வட்டமாக இழைக்க இழைக்கக் குழம்பு திரளும். மணம் கருவறையைக் கடந்து முன்மண்டபம் வரை பரவும். எண்வகை அர்ச்சனையில் நீருக்கு அடுத்த இடம் சந்தனத்துக்கே உரியது. நீர் எந்தக் கிணற்று நீர் என்பதை ஊரார் அறிவர். அட்சதை அரிசி எவர் வயலில் விளைந்தது என்பதும் பெரும்பாலும் தெரியும். தமிழ்ச் சமணர் உழவர் குடியினர் அல்லரோ? பூ பறித்த தோட்டமும் தெரியும். சந்தனம் ஒன்று மட்டும் எங்கிருந்தோ வருகிறது. கடைக்காரர் தருகிறார், கோயில் வாங்குகிறது. அது எந்த மரம், எந்தக் காட்டு மரம், எவர் வெட்டிய மரம் என்று கேட்பார் இலர்.

கேட்டாலும் விடை சொல்ல அண்மைக் காலம் வரை இரண்டே சாட்சிகள் இருந்தன. ஒன்று மூக்கு; மற்றொன்று விற்பவர் வாய்ச்சொல். இரண்டையும் ஏமாற்றுதல் எளிது. இப்போது மூன்றாவது சாட்சி ஒன்று வந்துள்ளது. மரத்தின் செல்லுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் மரபணுவே அச்சாட்சி. அதைப் படித்தறியும் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்க ஒன்று, வெகு தொலைவில் அன்று, இந்தச் செங்கற்பட்டுச் சீமையிலேயே நிகழ்ந்தது என்பது பலரும் அறியாத செய்தி.

முதலில் மரத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். சந்தன மரத்தின் இலைக்கு மணம் இல்லை. பட்டைக்கும் மணம் இல்லை. வெளிறு எனப்படும் புற மரமும் மணமற்றது. உள்ளே பாயும் வைரத்திலும் வேரிலுமே எண்ணெய் சேர்கிறது. சந்தனம் தன்னந்தனியே வளர வல்லதன்று. தன் வேரை அண்டை மரத்தின் வேரில் பதித்து நீரும் உப்பும் உறிஞ்சி வாழும் அரை ஒட்டுண்ணி அது. வைரம் பாயப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். நல்ல எண்ணெய் ஊற மேலும் பல்லாண்டுகள் ஆகும். அதை வெட்டுவதற்கோ ஓர் இரவு போதும். இக்கணக்கின் விளைவுதான், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்தியச் சந்தனம் அழிவாய்ப்புடைய இனம் என்று இடம்பெற்றது.

1792-ஆம் ஆண்டு மைசூரில் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமென அறிவித்தார். அதன்பின் வந்த ஆட்சிகளும் அவ்வழியே சென்றன. சொந்த நிலத்தில் முளைத்த மரமும் அரசுக்கே உரியது என்ற நிலை நீடித்ததால், உழவர் பலர் சந்தனக் கன்று முளைத்தால் பிடுங்கி எறிவதே பாதுகாப்பு என்று கருதினர். காக்க எழுந்த சட்டம் மரத்துக்கே பகையாயிற்று. தமிழ்நாட்டில் 2002-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பட்டா நிலத்துச் சந்தனம் நிலவுடையார்க்கே உரியதாயிற்று. வெட்டவும் கொண்டு செல்லவும் வனத்துறை இசைவு இன்றும் வேண்டும்.

மரம் அருகியது, தேவை அருகவில்லை. இடைவெளியை நிரப்பப் போலிகள் வந்தன. போலிகளில் பல தரம் உண்டு. எளிய போலி, வெளிர்நிற மரம் ஏதேனும் ஒன்றைச் செதுக்கி அதன்மேல் சந்தன அத்தர் தடவுவது. சுற்றுலாத் தலத்துக் கடைத்தெருக்களில் சந்தன யானை, சந்தன மாலை என விற்கப்படுவனவற்றுள் இவ்வகை மிகுதி. சில திங்களில் மணம் பறந்துவிடும். வாங்கியவர் அதற்குள் ஊர் திரும்பியிருப்பார். சற்றே தேர்ந்த போலி, இயல்பிலேயே மணமுள்ள வேறு மரத்தைக் கலப்பது. வறண்ட குன்றுகளில் வளரும், தமிழில் தேவதாரு என்று வழங்கும் சிறுமரம் ஒன்று உண்டு. இமயத்துத் தேவதாருவுக்கும் இதற்கும் பெயரன்றி உறவில்லை. இதன் வைரத்துக்கும் நல்ல மணம் உண்டு. ஆங்கிலேயர் இதற்குப் போலிச் சந்தனம் என்ற பொருள்படவே பெயரிட்டனர். சந்தனக் குடும்பத்தையே சேர்ந்த ஆசிரிஸ் என்னும் செடியின் மரமும் கலக்கப்படுகிறது. அதன் கிழக்கு ஆப்பிரிக்க இனம் ஒன்று சந்தனத்துக்கு மாற்றாகப் பெருமளவில் வெட்டப்பட்டமையால், 2013-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இங்கே ஒரு மரம் அருகினால் கடல் கடந்த மற்றொரு நாட்டில் வேறொரு மரம் வீழ்கிறது.

இனிக் காட்டாங்குளத்தூருக்கு வருவோம். தாம்பரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே, பெருவழிச் சாலையை ஒட்டிய ஊர் அது. அங்குள்ள எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் மரபணு ஆய்வாளர் மாடசாமி பரணியின் குழுவினர், கனடா நாட்டின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து நிகழ்த்திய ஆய்வு 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிளாஸ் ஒன் என்னும் ஆய்விதழில் வெளிவந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட காடு, இக்கடற்கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காடு.

அக்காட்டைப் பற்றி ஒரு சொல். மாமல்லபுரம் சாலையில் செல்வோர் சவுக்குத் தோப்பையும் விடுதிகளையுமே காண்பர். அவற்றுக்குப் பின்னே, கோயில் காடுகளிலும் செங்கற்பட்டு, வண்டலூர்ப் பக்கத்துக் காப்புக்காடுகளிலும் எஞ்சி நிற்கும் குட்டை மரங்களே சோழமண்டலக் கரையின் பழைய காடு. ஆண்டில் பெரும்பகுதி வெயில். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் பெருமழை. அவ்வறட்சியிலும் இலை உதிர்க்காமல் நிற்பது இதன் தனித்தன்மை. உலக்கைப் பாலை, காசான், உசில், காட்டெலுமிச்சை என நீளும் அதன் மரங்களிடையே சந்தனமும் உண்டு. பார்வைக்குப் புதர்க்காடு, மரவகையிலோ பெருஞ்செல்வம். சிற்றூர்த் தெய்வத்தின் மீதுள்ள அச்சத்தினாலேயே பல இடங்களில் இது பிழைத்தது.

ஆய்வாளர் இக்காட்டைச் சேர்ந்த 143 இனங்களின் 429 மரங்களிலிருந்து மாதிரிகள் எடுத்தனர். அவற்றுள் 16 இனங்கள் அழிவின் விளிம்பை நோக்கிச் செல்பவை. ஒவ்வோர் இனத்துக்கும் மரபணுக் குறியீட்டைக் கண்டறிந்து ஓர் ஒப்பீட்டு நூலகம் அமைத்தனர். 143 இனங்களில் 136 இனங்களை, அதாவது நூற்றுக்கு 95 பங்கை, பிழையின்றி இனங்காண முடிந்தது. மர வணிகத்திலிருந்து பெற்ற துண்டுகளை இந்நூலகத்தோடு ஒப்பிட்டு, அவை சொல்லப்பட்ட மரந்தானா என்று சோதித்தும் காட்டினர். இவ்வகைக் காட்டுக்கு உலகிலேயே முதன்முதலாக எழுந்த மரபணுக் குறியீட்டு நூலகம் இதுவே.

குறியீடு என்றால் என்ன? கடையில் வாங்கும் பொருளின் உறைமீது கருங்கோடுகள் இருக்கும் அல்லவா? கருவி அக்கோடுகளைப் படித்துப் பொருளின் பெயரைச் சொல்லும். உயிரினங்களையும் அவ்வாறு ஒரு சிறு மரபணுப் பகுதியைக் கொண்டே இனங்காணலாம் என்று 2003-இல் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் பால் ஹெபர்ட் முன்மொழிந்தார். விலங்குகளுக்கு அவர் காட்டிய பகுதி தாவரங்களுக்குப் பயன்படவில்லை. நெடிய ஆராய்ச்சிக்குப் பின் 2009-இல் ஆர்பிசிஎல், மேட்-கே என்னும் இரு பகுதிகளைத் தாவரக் குறியீடாக ஆய்வாளர் கூட்டமைப்பு பரிந்துரைத்தது. இரண்டும் இலைப் பச்சைக்குக் காரணமான பசுங்கணிகத்தில் உள்ளவை. ஒரு செல்லில் அவற்றின் படிகள் மிகப் பல இருப்பதால், சிதைந்த மாதிரியிலும் ஏதேனும் ஒன்று தப்பியிருக்க வாய்ப்புண்டு. காட்டாங்குளத்தூர் ஆய்வில் முதற்படியாக ஆர்பிசிஎல் பகுதியைப் படித்தனர். நெருங்கிய உறவுடைய இனங்களைப் பிரிக்க அது போதாதவிடத்து மேட்-கே பகுதியை நாடினர்.

செய்முறை சொல்வதற்கு எளிது. மரத்துண்டைப் பொடியாக்குவர். வேதிக் கரைசலில் இட்டுச் செல்லின் சுவரை உடைத்து மரபணுவைப் பிரிப்பர். வேண்டிய பகுதியை மட்டும் பி.சி.ஆர். என்னும் முறையால் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்குவர். ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு எழுத்துகளே கொண்ட அந்தத் தொடரைக் கருவி படித்துத் தரும். பின்னர் நூலகத்தில் உள்ள தொடர்களோடு வைத்து ஒப்பிட வேண்டியதுதான்.

செய்வதற்கோ எளிதன்று. இலையிலிருந்து மரபணு எடுப்பது ஒரு நாள் வேலை. வைரத்திலிருந்து எடுப்பது பெரும்பாடு. வைரம் என்பது இறந்த திசு. அதில் உள்ள மரபணு துண்டு துண்டாய் முறிந்து கிடக்கும். மரத்தைப் பூச்சியிடமிருந்து காக்கும் பிசினும் எண்ணெயும் சோதனைச் சாலையில் நொதியைத் தடுத்து வேலையைக் கெடுக்கும். எந்த மணத்துக்காக மரம் தேடப்படுகிறதோ அந்த மணமே அதன் அடையாளத்தை மறைக்கிறது. இதில் ஒரு வியப்பும் உண்டு. வணிகர் மணமற்றதென்று செதுக்கி எறியும் வெளிறில்தான் மரபணு ஓரளவு நல்ல நிலையில் கிடைக்கும். விலையில்லாத ஓரம், விலையுள்ள நடுவுக்குச் சாட்சி சொல்கிறது.

சந்தனத்துக்கென்றே தனி ஆய்வுகளும் நிகழ்ந்துள்ளன. கேரளத்துப் பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தார், சந்தைச் சந்தனத்தில் கலக்கப்படும் மரங்களை மரபணுக் குறியீட்டால் பிரித்தறிந்து 2014-இலேயே வெளியிட்டனர். அதற்கு முன்பு இத்தகைய வழக்குகளில் மர உடற்கூறு வல்லுநரே துணை. மெல்லிய சீவலை உருப்பெருக்கியின் கீழ் வைத்துத் துளைகளின் அமைப்பைக் கொண்டு மரத்தைச் சொல்லும் கலை அது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனமும் பெங்களூரு மர அறிவியல் நிறுவனமும் இதில் பெயர் பெற்றவை. அக்கலை இன்றும் முதற்சோதனையாக நிற்கத் தக்கதே; விரைவானது, செலவு குறைந்தது. ஆயினும் அது பெரும்பாலும் மரத்தின் பேரினத்தைச் சொல்லுமேயன்றி இனத்தைத் திட்டமாகச் சொல்லாது. செம்மரத்தில் இக்குறை வெளிப்படையாகத் தெரியும். ஆப்பிரிக்காவின் செந்நிற வேங்கை வகை ஒன்று செம்மரம் என்ற பெயரில் கீழ்த்திசை நாடுகளுக்குச் சென்றது. இரண்டையும் கண்ணால் பிரிப்பது அரிது, மரபணு பிரித்துவிடும்.

செம்மரத்தை இங்கே குறிப்பிடுவது பொருத்தமா என்று சிலர் எண்ணக்கூடும். இரத்த சந்தனம் என்று பெயர் பெற்றும் சொல்லத்தக்க மணம் இல்லாத மரம் அது. பெயரொற்றுமை மட்டுமே காரணமாயின் விட்டுவிடலாம். ஆனால் 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல் படையினர் சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் மாண்டனர். அவர்கள் செம்மரம் வெட்ட வந்தோர் என்று காவல்துறை கூறியது. மாண்டவருள் திருவண்ணாமலை மாவட்டத்து மலையூர்க் கூலிகளும் இருந்தனர். தமிழ்ச் சமணக் குடும்பங்கள் மிகுதியாக வாழும் மாவட்டம் அதுவே. கடத்தலில் பெரும்பொருள் ஈட்டுவோர் எவரும் அன்று அக்காட்டில் இல்லை. ஒரு மரத்துண்டின் விலையில் மனித உயிரும் அடங்கியிருக்கக் கூடும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று தேட வேண்டியதில்லை.

அகிலைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லலாம். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை, கீழைக் கடல் வழியே மரக்கலங்களில் வந்த பொருள்களுள் அகிலையும் ஆரத்தையும் குறிப்பிடுகிறது. இக்கடற்கரைக்கு அகில் புதிதன்று. இன்று அதன் தாயகம் அஸ்ஸாமும் திரிபுராவும் தென்கிழக்காசிய நாடுகளும். நலமுள்ள அகில் மரத்துக்கு மணமே இல்லை. காயம்பட்டுப் பூஞ்சை பற்றினால் மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசினே அகில். 1995 முதல் அதன் ஓர் இனமும், 2005 முதல் அப்பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. மரபணுச் சோதனை அது அகில் மரம் என்று சொல்லும். அதில் பிசின் ஊறியுள்ளதா என்று சொல்லாது. தூபத்துக்கென வாங்கும் அகிற்கட்டை வெறும் மரத்துக்குச் சாயமேற்றியதாக இருப்பினும், மரபணு அதற்கு நற்சான்றே வழங்கும்.

இவ்விடத்தில்தான் அக்கருவியின் எல்லையைத் தெளிவாக உணர வேண்டும். சந்தன எண்ணெயில் மரபணுச் சோதனை பயன் தராது. காய்ச்சி வடித்த எண்ணெயில் செல் இல்லை. அங்கே வேதிச் சோதனையே வழி. பன்னாட்டுத் தர அளவின்படி இந்தியச் சந்தன எண்ணெயில் ஆல்பா சந்தலால் நூற்றுக்கு 41 முதல் 55 பங்கும், பீட்டா சந்தலால் 16 முதல் 24 பங்கும் இருத்தல் வேண்டும். கட்டையில் நிலை நேர்மாறானது. வேறு மரத்தில் உண்மையான சந்தன எண்ணெயையே ஊற்றி ஊறவைத்தால் மூக்கும் ஏமாறும், வேதிச் சோதனையும் ஏமாறலாம்; மரபணு ஏமாறாது. சந்தனப் பொடியிலோ இன்னொரு சூது. எண்ணெய் முழுதும் வடித்தெடுத்த சக்கையை அரைத்து, செயற்கை மணம் சேர்த்து விற்பது அது. அது சந்தனந்தானா என்று கேட்டால் மரபணு ஆம் என்றே சொல்லும். சொன்னது பொய்யன்று, ஆயினும் வாங்கியவர் ஏமாந்தவரே. ஆகவே எண்ணெய்க்கு ஒன்று, கட்டைக்கு ஒன்று, பொடிக்கு இரண்டும் என்பதே அறிந்தோர் கொள்ளும் முறை.

இன்னும் ஆழமான எல்லை ஒன்று உண்டு. அதை விளக்கச் சிராவக தருமமே துணை. கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்குச் சமந்தபத்திராசாரியார் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் ஐந்து குற்றங்களை வகுத்தார். தமிழில் அருங்கலச்செப்பும் அந்நெறியையே பின்பற்றுகிறது. பிறரைத் திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளைக் கொள்ளுதல், அரச நெறியை மீறுதல், ஒரு பொருளோடு அதனை ஒத்த வேறொன்றைக் கலத்தல், அளவையில் கூட்டியும் குறைத்தும் வஞ்சித்தல் ஆகியன அவை. தானே திருடுவது இப்பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். திருடினால் விரதமே முறிந்தது. இவை ஐந்தும் திருடாதவரிடத்தும் ஒட்டிக்கொள்ளும் அழுக்குகள். நல்லவர், நோன்பு காப்பவர், கடைக்குச் சென்று விலை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வருபவர், அவரைக் கருதியே இவை சொல்லப்பட்டன.

ஐந்தில் மரபணுச் சோதனை பிடித்துத் தருவது ஒன்றைத்தான். ஒத்த பொருளைக் கலந்தார்களா என்பதற்கு அது விடை சொல்லும். திருட்டுப் பொருளா என்ற வினாவுக்கு அக்குறியீட்டில் விடை இல்லை. அரசுக் கிடங்கில் முறைப்படி ஏலம் எடுத்த சந்தனமும், மறையூர்க் காட்டில் இரவில் அறுத்த சந்தனமும் ஒரே எழுத்துத் தொடரையே காட்டும். தனி மரத்தையே அடையாளம் காட்டும் நுண்ணிய குறிகளும் உள்ளன. வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டை காட்டில் எஞ்சியிருந்தால், பிடிபட்ட துண்டு அதனுடையதா என்று அவற்றால் ஒப்பிடலாம். அது வழக்கு நடத்துவோர்க்கு உதவும். கடையில் நிற்கும் கோயில் நிர்வாகிக்கு உதவாது. தூய சந்தனம் என்று சோதனைச் சாலை முத்திரையிட்ட கட்டை, தூய திருட்டுச் சந்தனமாகவும் இருக்கலாம். உண்மையில் நல்ல மரமாக இருப்பதே அவ்வையத்தை மிகுவிக்க வேண்டும். மலிவான போலியை எவரும் காட்டில் சென்று திருடுவதில்லை.

அதற்குரிய சாட்சி ஏடு. தமிழ்நாட்டு வனத்துறையின் சந்தனக் கிடங்குகள் திருப்பத்தூர், சேலம், சத்தியமங்கலம் ஆகிய ஊர்களில் உள்ளன. அங்கிருந்து முறைப்படி வெளிவரும் மரத்துக்கு ஏலச் சீட்டும் கொண்டுசெல்லும் உரிமச் சீட்டும் உண்டு. ஒரு கட்டை வாங்கும்போது விலைச்சீட்டைக் கேட்பதும், அது எந்தக் கிடங்கிலிருந்து வந்தது என்று எழுதித் தரச் சொல்வதும் வாங்குவோர் உரிமை. கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவே ஒரு விடை. இப்படிக் கேட்பது புதுப் பழக்கமும் அன்று. இம்மாவட்டத்து ஒரத்திக்கு அருகே ஆனந்தமங்கலத்தில், தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கிய பாறையில், முதலாம் பராந்தகனின் 38-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உண்டு. ஜினகிரிப் பள்ளியில் அடிகள் ஒருவருக்கு நாள்தோறும் உணவளிக்கப் பொன் கொடுத்த செய்தியை அது பதிந்து வைத்துள்ளது. கொடுத்தவர் யார், எதற்குக் கொடுத்தார் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் தெரிகிறது. சென்ற ஆண்டு வாங்கிய சந்தனம் எங்கிருந்து வந்ததென்று எழுதிவைத்த கோயில்கள் எத்தனை?

போலியை வெறுப்பதால் சந்தனத்தையே எங்கும் பயன்படுத்த வேண்டும் என்பதும் இல்லை. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கப்பெற்ற அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி, கற்சிற்பத்தோடு மரச்சிற்பமும் கற்பிக்கிறது. வாகையிலும் தேக்கிலும் நேர்த்தியாகச் செதுக்கும் கைகள் இக்கரையில் உள்ளன. வீட்டுப் பூசைக்குச் சிறு ஜினபிம்பமோ விழாவுக்கு வாகனமோ வேண்டுவோர், அத்தர் பூசிய பெயரளவுச் சந்தனத்தை வாங்குவதைவிட, இன்ன மரம் என்று சொல்லிச் செய்த வாகைச் சிற்பத்தை வாங்குவது மேல். வாகை என்ற பெயரில் விற்பதற்கு எவரும் போலி செய்வதில்லை. கந்தத்துக்கு மட்டும் சந்தனம், அதுவும் சிறிதளவு, ஆனால் வழி தெரிந்த சந்தனம் என்று வரையறுத்துக்கொள்வது பரிமித பரிக்கிரக நெறிக்கும் ஒத்ததே.

சோதனைக்கு ஓர் உயிரை வருத்த வேண்டுமே என்ற ஐயம் சமணர் உள்ளத்தில் எழுதல் இயல்பு. மரம் ஓரறிவுயிர். ஒப்பீட்டு நூலகத்துக்குத் தேவையானது சில இலைகள். நிற்கும் மரத்தை வெட்ட வேண்டுவதில்லை. கட்டைக்கோ ஒரு சிறு சீவல் போதும். அது ஏற்கெனவே வெட்டுண்ட மரம். பாட்டனார் காலத்துக் கட்டை தேய்ந்து தேய்ந்து விரலளவாகும்போது அதைத் தூபத்தில் இட்டுவிடுவது பல ஊர்களில் வழக்கம். இடுவதற்கு முன் ஒரு சீவலைத் தனியே தாளில் மடித்து, வாங்கிய ஆண்டையும் ஊரையும் எழுதி, உலர்ந்த இடத்தில் வைக்கலாம். ஈரமும் வெயிலும் மரபணுவின் பகைகள். உலர்ந்து இருண்ட பேழையில் அது நெடுநாள் நிற்கும். புதிய கட்டை வாங்கும்போதும் அதன் வெளிற்றோடு கூடிய ஓரத்தில் ஒரு சீவல் எடுத்து அதே பேழையில் வைக்கலாம்.

நிலமுடைய அறக்கட்டளைகள் செய்யத்தக்கது இன்னும் ஒன்று. ஜினாலயத்துக்கு உரிய நிலத்தின் ஓரத்தில், முறையாகப் பதிந்த நாற்றங்காலில் வாங்கிய சந்தனக் கன்றுகள் சிலவற்றை நடலாம். அருகே துவரையோ அகத்தியோ துணைச்செடியாக இருத்தல் வேண்டும். இன்றேல் கன்று மெலிந்து மடியும். துணைச்செடி மூப்பதற்குள் நீண்டகாலத் துணையாக வேறொரு மரமும் அருகில் வேரூன்றியிருக்க வேண்டும். நட்ட நாளையும் கன்று வந்த இடத்தையும் கோயில் ஏட்டில் பதிய வேண்டும். கிராமக் கணக்கிலும் மரம் பதிவு பெற்றால் பின்னாளில் இசைவு பெறுவது எளிதாகும். முதல் இலைகள் முற்றியவுடன் இரண்டு மூன்று பறித்து உலர்த்தி, அதே பேழையில் சீவல்களுக்கு அருகே வைக்கலாம். இன்று இங்கே ஓடி விளையாடும் பிள்ளைகள் அறங்காவலராகும் காலத்தில்தான் அம்மரம் வைரம் பாய்ந்திருக்கும்.